ஒரு எட்டு

தையல்நாயகி "தோ, வந்துகினே இருக்கேன்" என்று சொன்னால் இன்னும் கிளம்பவில்லை என்று பொருள். "வந்துட்டேன்" என்று சொன்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறாள். உண்மையிலேயே வந்து நின்றுவிட்டாளென்றால், முந்தாநாள் வரவேண்டியதற்கு இன்றைக்கு வந்திருக்கிறாள். விழுப்புரத்தில் அவள் தெரு முழுக்க இந்த அகராதி அத்துப்படி.

சோம்பேறி என்று மட்டும் அவளை யாரும் சொல்லிவிட முடியாது. சோம்பேறியாக இருந்தால் நாலு வசவில் திருத்திவிடலாம். இவள் கோழிக்கு முன்னால் எழுந்திருக்கிற பெண். விடிந்தால் முருகையன் மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். அங்கிருந்து ஓட்டமாய் ஓடிப் பாசஞ்சர் வண்டி பிடித்தால் திண்டிவனத்தில் கல்லூரி, வரலாறு மூன்றாம் ஆண்டு. மத்தியானம் நாட்டு நலப்பணித் திட்டத்தில் மரக்கன்றுக்குக் குழி. திரும்பி வந்தால் இந்தி வகுப்பு. வீட்டுக்குள் நுழைந்தால் தையல் மிஷின். கூடப் படிக்கிறவளுக்கு ஒரு ஜாக்கெட் என்று ஆரம்பித்தது. பிறகு அவள் அக்காவுக்கு, அக்காவின் நாத்தனாருக்கு, நாத்தனாரின் ஓரகத்திக்கு என்று அந்தத் துணி மூட்டை சம்பந்தி வீடுகள் எல்லாம் சுற்றி வளர்ந்துவிட்டது.

"சாமி பேருன்னு தையல்நாயகின்னு வெச்சேன். இது போயி மிஷின்ல உக்காந்துக்கிச்சு" என்று அம்மா பாஞ்சாலி தலையில் அடித்துக்கொள்வாள்.

கோளாறு முழுவதும் வாயில் இருந்தது. "முடியாது" என்கிற சொல் அந்த வாய்க்கு வராது. யார் எதைக் கேட்டாலும் "சரி" என்று விழுந்துவிடும். சரி என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் முகம் மலருமே, அதைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு ஆசை. தன்னை விட்டால் ஊரில் ஆளில்லை என்று உள்ளுக்குள் ஒரு பெருமையும் உண்டு. மலர்ந்த முகமெல்லாம் இரண்டு நாளில் சுருங்கிப்போவது பற்றி அவள் யோசித்ததில்லை. யோசிக்க நேரமில்லை.

இப்படிப்பட்டவளுக்குத் துறைத்தலைவராக வாய்த்தவர் சீனுவாசன் சார். காலத்துக்கு வேட்டி கட்டிவிட்டால் அது சீனுவாசன் சார் மாதிரிதான் நடந்து வரும் என்று மாணவர்கள் சொல்வார்கள். காலையில் ரேடியோ மணி சொல்லும்போது கைக்கடிகாரத்தைத் திருப்பி வைக்காமல் அவர் வீட்டை விட்டு இறங்குவதில்லையாம். மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்து வருபவருக்கு ஆஜர் கிடையாது. கோபமாகப் பேசுகிற வழக்கமும் கிடையாது. வராதவர் பெயரைக் கரும்பலகையின் மூலையில் எழுதிவிடுவார், அவ்வளவுதான்.

'ஒன்பதரைக்கு வந்தேன். தையல்நாயகி இல்லை. - சீ.'

அடுத்த வகுப்புக்கு வரும் ஆசிரியர்களும் அந்த மூலையை மட்டும் அழிக்காமல் விட்டுவிட்டுத்தான் பாடம் எழுதுவார்கள். மூன்று வருடத்தில் அந்த ஒரு வரியால் தையல்நாயகி கல்லூரி முழுக்கப் பிரபலமாகிவிட்டாள். முதலாண்டுப் பையன்கள் அவளைப் பார்த்தால், "அக்கா, இருக்கீங்களா?" என்று கேட்கும் அளவுக்கு.

பரீட்சை நெருங்கியபோது சிரிப்பு நின்றது. வருகை குறைந்துபோய்விட்டது. அப்படிக் குறைந்தவர்களை மன்னித்துத் தேர்வு எழுத விடுவதற்கு ஒரு விண்ணப்பப் பாரம் உண்டு. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டுத் தந்து, அலுவலகத்தில் சேர்த்தால்தான் ஹால் டிக்கெட். சேர்க்கக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை.

ஹால் டிக்கெட் போனால் ஒரு வருடம் போகும். அந்த ஒரு வருடத்தை அவள் அப்பா சுப்பராயலு தரமாட்டார். காணியும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பயிருமாகப் பாடுபடுகிற மனிதர், பெண்ணைப் படிக்க வைக்கிறேன் என்று சொந்தபந்தத்தோடு சண்டை போட்டுச் சேர்த்தவர். சேர்க்கும்போதே சொல்லிவிட்டார்: "மூணு வருசம். அதுக்கு மேல ஒரு நாள் கேக்கக் கூடாது." அதற்குப் பிறகு அத்தை மகன் பச்சைமுத்துவோடு கல்யாணம். மேல்மலையனூரில் தேங்காய்க் கடை வைத்திருக்கிறான். அமாவாசைக்கு அமாவாசைதான் அவனுக்கு வேலை. மற்ற நாளெல்லாம் கடையில் கால் நீட்டிப் படுத்திருப்பான். மூச்சுவிட நேரமில்லாத தனக்கு மாதத்தில் ஒரு நாள் மட்டும் விழித்திருக்கிற புருஷனா என்று நினைத்தாலே தையல்நாயகிக்கு அழுகை வந்தது. பட்டம் வாங்கினால் மேலே பி.எட். படிக்க அப்பாவை எப்படியும் கரைத்துவிடலாம். பட்டமில்லாமல் கரைக்க முடியாது.

வியாழக்கிழமை பாரத்தோடு சார் முன்னால் போய் நின்றாள். என்றைக்கும் கோபித்துப் பேசாதவர் அன்றைக்குப் பேசினார்.

"ஒம்போதரைக்குக் கிளாசு. நீ பத்தேகாலுக்கு வர்றே. பத்தரைக்கு அடுத்த கிளாசு. நீ பதினொண்ணுக்கு வர்றே. மூணு மணிக்கு டெஸ்ட்டு வெச்சா நாலு மணிக்கு வந்து கொஸ்டின் பேப்பர் கேக்கறே. அஞ்சு மணிக்கு காலேஜையே பூட்டிடறாங்களே, அப்புறம் யாருக்கும்மா நீ வர்றே?"

தையல்நாயகிக்கு உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"பாரத்த வெச்சிட்டுப் போ. வீட்டுக்கு எடுத்துக்கினு போயி கணக்குப் பாக்கணும். சனிக்கிழம வீட்டுப் பக்கம் ஒரு எட்டு வா, கையெழுத்துப் போட்டு வெக்கிறேன்."

ஒரு எட்டு வா என்றால் எப்போது தோதுப்படுகிறதோ அப்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போ என்று பொருள். நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். ஆனால் ஒன்பதரை, பத்தேகால், பத்தரை, பதினொன்று, மூன்று, நான்கு, ஐந்து என்று வரிசையாக அடி வாங்கிய காதில் கடைசியாக விழுந்த எட்டும் அதே வரிசையில் போய் நின்றுகொண்டது. வெளியே காத்திருந்த சிநேகிதி லூர்து மேரியிடம் வந்து, "சனிக்கிழம எட்டு மணிக்கு வீட்டுக்கு வரச் சொல்லிட்டாருடி" என்றாள்.

"எட்டு மணிக்கா? சேசுவே!" என்று மேரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "நீ எட்டுன்னா பத்துக்குத்தானேடி வருவ?"

மேரி திண்டிவனத்துக்காரி, எதிலும் ஒழுங்கு. மூன்று நிற ஸ்கெட்ச் பேனாவில் கால அட்டவணை போட்டு நோட்டில் ஒட்டி வைத்திருப்பவள். போன வருடம் தையல்நாயகிக்கும் ஒன்று போட்டுத் தர முயன்றாள். அவள் வேலைகளைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போய், "தூங்கறதுக்கு எங்கடி கட்டம்?" என்று கேட்டாள். "ரயில்ல" என்றாள் தையல்நாயகி. மேரி அன்றைக்குப் பேனாவை மூடியவள்தான்.

"அது கிடக்கட்டும், எங்கம்மா கொடுத்தனுப்பிச்ச ஜாக்கெட்டு எங்க?" என்றாள் மேரி. அவள் அம்மா இன்னாசியம்மாள் பள்ளிக்கூட ஆசிரியை. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருவரின் பட்டு ஜாக்கெட், வாடாமல்லி நிறம், ஏதோ கல்யாணத்துக்கு என்று கொடுத்துப் பதினைந்து நாளாகிறது. "வெள்ளிக்கிழம கண்டிப்பா வேணுமாம். அந்த டீச்சர் டெய்லி எங்கம்மாவப் போட்டு வாங்கறாங்களாம்."

"குடுத்துடறேன்டி. தோ..."

"ஜாக்கெட்டும் வந்துகினே இருக்குதா?"

அன்று ரயிலில் தையல்நாயகி தூங்கவில்லை. பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாக யோசித்துக்கொண்டே வந்தாள். சனிக்கிழமை எட்டு மணிக்குத் திண்டிவனத்தில் நிற்க வேண்டுமானால் அதற்கு முன் எதுவுமே இருக்கக் கூடாது. எதுவுமே இல்லாமலிருக்க ஒரே வழி அந்தச் சொல்லைச் சொல்வதுதான்.

வெள்ளிக்கிழமை காலை முருகையன் மாஸ்டர் வாகாகக் கேட்டார். "தையலு, நாளைக்குக் காலைல நான் மச்சான் வீடு வரைக்கும் போறேன். இன்ஸ்டிட்யூட்ட நீ தொறந்து பாத்துக்க."

"முடியாது சார்."

"சரி, அப்ப சாவிய இப்பவே வாங்கிக்க" என்று மாஸ்டர் சாவியை நீட்டினார். அவள் வாயிலிருந்து வேறு பதில் வரும் என்பது அவர் காதுக்குப் பழக்கமில்லை. இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் கையை இழுத்துக்கொண்டு, "ஊட்ல ஏதாவது சண்டையாம்மா?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் சேலைக்கு ஓரம் அடித்துத் தரச் சொல்லி வந்தாள். முடியாது என்றதும் சேலையோடு நேராக அடுப்படிக்குப் போய்ப் பாஞ்சாலியிடம் சொன்னாள். பாஞ்சாலி கேப்பைக் களி கிண்டிய கையைக் கழுவிவிட்டு வந்து மகளின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "ஜொரம் ஒண்ணும் இல்லியே" என்றாள்.

முடியாது என்று சொல்லச் சொல்ல அவளுக்கு ருசி தட்டிவிட்டது. இந்திப் பண்டிதரிடம் சொன்னாள், ரேஷன் கடைக்குப் போகச் சொன்ன அம்மாவிடம் சொன்னாள், கதை கேட்டு வந்த தம்பியிடம்கூடச் சொன்னாள். ஆனால் அந்த வாடாமல்லி ஜாக்கெட்டுக்கு என்றைக்கோ சரி என்று சொல்லியாகிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்து அதை முடித்துக்கொண்டு வருகையில், வழக்கம்போலக் கரண்டு போயிற்று. கழுத்து ஓரமும் கொக்கிகளும் பாக்கி. சரி, ரயிலில் தைத்துக்கொள்ளலாம், சாரைப் பார்த்துவிட்டு அப்படியே மேரி வீட்டில் கொடுத்துவிடலாம் என்று ஊசி நூலோடு பையில் வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சுப்பராயலு அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் ரயிலடியில் விட்டார். வண்டி வருவதற்கு முன் மகள் பிளாட்பாரத்தில் நிற்பதை அவர் அன்றுதான் பார்த்தார். "இன்னைக்கு வண்டி லேட்டாம்மா?" என்று கேட்டார்.

வண்டி நேரத்துக்கு வந்தது. மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் இடம் பிடித்து உட்கார்ந்து, ஆட்ட ஆட்டக் கழுத்து ஓரத்தைத் தைத்து முடித்தாள். கொக்கி மட்டும் ஓடுகிற வண்டியில் வரவில்லை. இரண்டு முறை விரலில் குத்தியது. பேரணியில், எதிரே வரும் எக்ஸ்பிரஸுக்காக வண்டியை நிறுத்திவிட்டார்கள். ஆட்டமில்லை, கொக்கி தைக்கலாம். ஆனால் நிற்கிற வண்டியில் அவளுக்குக் கை ஓடவில்லை. மூன்று வருடமாக எத்தனையோ பேரைக் காக்க வைத்தவள், காத்திருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குப் பேரணியில் தெரிந்துகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே எட்டி எட்டிப் பார்த்தாள். தனக்காகக் காத்திருந்த அத்தனை பேருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. எக்ஸ்பிரஸ் அலறிக்கொண்டு போவதற்குள் ஒரே ஒரு கொக்கிதான் தைத்திருந்தாள்.

திண்டிவனத்தில் வண்டி நிற்பதற்கு முன் குதித்தாள். ஓடினாள். சார் வீட்டுத் தெருவுக்குள் அவள் திரும்பவும் அரிசி மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதவும் சரியாக இருந்தது. அந்தச் சங்கு தனக்காகவே ஊதியது போல அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சார் வீட்டு வாசலில் ஒரு மேட்டடார் வேன் நின்றது. உள்ளே பெட்டி படுக்கையோடு உறவுக்கூட்டம். டிரைவர் ஆரனில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வாசற்படியில் தலை நிறையக் கனகாம்பரத்தோடு ஓர் அம்மாள். தையல்நாயகியைக் கண்டதும் அந்த அம்மாள் படியிறங்கி ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வந்துட்டியாம்மா! எங்க ஜாக்கெட்டு?"

தையல்நாயகிக்கு ஒன்றும் புரியவில்லை. கையெழுத்து வாங்க வந்த இடத்தில் ஜாக்கெட் கேட்கிறார்களே? அப்போதுதான் அந்த அம்மாள் தோளில் கிடந்த பட்டுச் சேலையைப் பார்த்தாள். வாடாமல்லி. தன் பைக்குள் இருப்பதும் அதே வாடாமல்லி. மேரியின் அம்மா சொன்ன அந்த டீச்சர் சாரின் மனைவி!

"இன்னாசியம்மா டீச்சர் அனுப்பிச்ச பொண்ணுதானே நீ? துணிப்பையப் பாத்ததும் தெரிஞ்சுக்கினேன்."

"ஆமா டீச்சர்" என்றது பழகிப்போன வாய்.

"காலைல ஆறு மணிக்கே கெளம்ப வேண்டியது. நாளைக்குத் திருப்பதியில என் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு அக்கா நானு, பழைய ஜாக்கெட்டப் போட்டுக்கினு நிக்க முடியுமா? ஜாக்கெட்டு வராம வண்டியில காலெடுத்து வெக்க மாட்டேன்னுட்டேன். ஒம்போது மணிக்கு ராகு காலம் பொறக்குது, அதுக்குள்ள படி தாண்டணும். அப்புறம் புதன்கிழமதான் திரும்பறோம்."

புதன்கிழமை! தையல்நாயகிக்குக் காது அடைத்தது. பாரம் சேர்க்கக் கடைசி நாள் திங்கட்கிழமை. வேன் ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தால் அவள் வந்து பூட்டைத்தான் பார்த்திருப்பாள். கிளம்பாமல் போனதற்குக் காரணம் ஜாக்கெட் வராதது. ஜாக்கெட் வராததற்குக் காரணம் அவள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், "நாலு கொக்கி பாக்கி, டீச்சர்" என்றாள்.

"வா உள்ள, உக்காந்து தை!" என்று அவளை அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார் டீச்சர்.

ஊசியில் நூல் கோக்கும்போது கொல்லைப் பக்கமிருந்து குரல் வந்தது. பழகிய குரல். ஆனால் வகுப்பில் கேட்டறியாத சத்தம்.

"கிருஷ்ணவேணி! அந்தத் தையக்காரி வந்தாளா இல்லையா?"

"வந்துட்டா, வந்துட்டா! நீங்க மொதல்ல எண்ணெயக் கழுவிக்கினு வாங்க!" என்று கத்திவிட்டு, டீச்சர் தையல்நாயகியிடம் குரலைத் தாழ்த்தினார். "ஜாக்கெட்டுதான் வரலியே, அதுவரைக்கும் சனிக்கிழமையாச்சே, எண்ணெ தேச்சிக்கிறேன்னு உக்காந்துட்டாரு. ஊருக்குப் போற நாள்ல யாராவது எண்ணெ வெப்பாங்களா?"

"என்ன பொண்ணு அது!" கொல்லைக் குரல் ஓயவில்லை. "பதினஞ்சு நாளா ஒரு ஜாக்கெட்டு! என் கிளாசுலயும் ஒண்ணு இருக்குது, எதுக்கும் நேரத்துக்கு வராது. ரெண்டும் ஒரே அச்சு! இந்தத் தையக்காரி மட்டும் என்கிட்டப் படிக்கட்டும், ஜென்மத்துக்கும் ஹால் டிக்கெட் கிடையாது!"

ஊசி தையல்நாயகியின் கட்டைவிரலில் ஏறியது.

"ஏம்மா, இன்னாத்துக்கு இப்பிடிப் பதர்றே?"

"டீச்சர்..." அவள் விரலை வாயில் வைத்து எடுத்தாள். "அந்த ஒண்ணும் நான்தான். சார் கிளாசுல இருக்கறது. கையெழுத்து வாங்கத்தான் வந்தேன். எட்டு மணிக்கு வரச் சொன்னாரு."

டீச்சர் விழித்தார். "எட்டு மணிக்கா? லீவு நாள்ல எட்டு மணிக்கு இவரு எழுந்திருக்கறதே இல்லியே! என்னான்னு சொன்னாரு?"

"சனிக்கிழம ஒரு எட்டு வா, கையெழுத்துப் போட்டு வெக்கிறேன்னாரு."

டீச்சர் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்போதுதான் தையல்நாயகிக்கும் உறைத்தது. ஒரு எட்டு! அவள் முகம் வாடாமல்லியை விடச் சிவந்துபோயிற்று.

"இவருக்குச் சனிக்கிழம ஊருக்குப் போறதே நேத்து நான் சொல்லித்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார் டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தெனம் எழுப்பி, ரேடியோவ வெச்சு, வாட்ச்சத் திருப்பிக் கையில கட்டி வெளிய தள்றது நானு. நேரந்தவறாத மனுசன்னு பேரு அவருக்கு. நீ வாயே தொறக்காத, மொதல்ல கொக்கியப் போடு."

பயத்தில் வேகம் வந்தது. மூன்று கொக்கி விழுந்தது. நாலாவதற்கு முடிச்சுப் போட்டு நூலைப் பல்லால் கடிக்கையில், தலையைத் துவட்டிக்கொண்டே சீனுவாசன் சார் கூடத்துக்கு வந்துவிட்டார். டீச்சர் ஜாக்கெட்டைப் பிடுங்கிக்கொண்டு தையல்நாயகியை வெளியே தள்ளி, கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டார்.

எண்ணெய் வழிகிற காதும், காலில் பாதி சீயக்காயும், இடுப்பில் ஈரத்துண்டுமாகச் சார் அவளைப் பார்த்துத் திகைத்தார். அவசரமாகக் கொடியிலிருந்து ஒரு துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். அது டீச்சரின் பாவாடை.

"நீ... நீ எங்கம்மா இங்க?"

"எட்டு மணிக்கு வரச் சொன்னீங்களே சார்."

"எட்டு மணிக்கா? நான் ஒரு எட்டு வான்னு..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "எத்தன மணிக்கு வந்தே?"

"எட்டு மணிச் சங்கு ஊதும்போது வந்துட்டேன் சார்."

சார் முகம் இளகிவிட்டது. பொய்யில்லை, உண்மையிலேயே இளகிவிட்டது. "விழுப்புரத்துலேருந்து எட்டு மணிக்கா! பாத்தியா, மனசு வெச்சா முடியுது இல்ல? இன்னைக்கு ஒருத்தி ஒரு ஜாக்கெட்ட வெச்சிக்கினு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஒரு வேனையே நிறுத்தி வெச்சிருக்கா. உன் வயசுதான் இருக்கும். அவளெல்லாம் உன்னப் பாத்துக் கத்துக்கணும்."

"சரிங்க சார்" என்றாள் தையல்நாயகி.

பாரத்தைத் தேடினார். மேசையில் இல்லை, பீரோவில் இல்லை, பெட்டியைத் திறந்து பார்த்தார், அதிலும் இல்லை. வேன் ஆரன் அடித்தது. தையல்நாயகிக்கு உயிர் போய் உயிர் வந்தது. "ரேடியோவுக்குக் கீழ பாருங்க!" என்று அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. பாரம் அங்கேதான் இருந்தது, ஒரு கணக்கும் பார்க்காமல். சார் கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, ஊதிக் காயவைத்து நீட்டினார். அவள் வாங்கி நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வைத்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

சார் பேனாவை மூடப் போனவர் அப்படியே நின்றார். அவர் கண் தையல்நாயகியின் தாவணித் தோளில் நின்றுவிட்டது. அங்கே குத்தியிருந்த ஊசியிலிருந்து ஒரு முழம் வாடாமல்லி நூல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து அறைக் கதவு திறந்தது. வாடாமல்லிப் பட்டில், வாடாமல்லி ஜாக்கெட்டில், கல்யாணப் பெண்ணே தோற்கும்படி டீச்சர் வந்து நின்றார்.

சார் நூலைப் பார்த்தார், ஜாக்கெட்டைப் பார்த்தார். "இது எப்ப வந்துச்சு?"

"சங்கு ஊதும்போது" என்றார் டீச்சர்.

"அந்தத் தையக்காரி..."

"பேரு தையல்நாயகியாம்" என்றார் டீச்சர் சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டே.

சார் வாயைத் திறந்தார். மூன்று வருடத்துக்கும் பதினைந்து நாளுக்கும் சேர்த்துத் திட்டவேண்டியதெல்லாம் அந்த வாய்க்குள் நிறைந்திருந்தது தெரிந்தது. அதற்குள் டிரைவர் வாசலில் நின்று, "ஒம்போதாவப் போவுது சார், ராகு காலம் பொறந்துடும், ஜல்தி!" என்று கூவினான். சாருக்கு இன்னும் வேட்டியே கட்டியாகவில்லை. திட்ட அவருக்கு நேரமில்லை.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு, சட்டையை அணிந்துகொண்டே ஓடி வேனில் ஏறினார். ஏறிய பிறகுதான் தோளில் கிடப்பது என்ன என்று கண்டு அதைச் சுருட்டி டீச்சர் மடியில் எறிந்தார். வேன் நகரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "திங்கக்கிழம காலைல ஒம்போதரைக்கு நீ என் ரூமுக்கு வர்றே!" என்று கத்தினார். பக்கத்தில் டீச்சர் குனிந்துகொண்டு சிரிப்பதைத் தையல்நாயகி பார்த்தாள். அவர் ஏன் சிரிக்கிறார் என்பது அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

திங்கட்கிழமை முதல் வண்டியில் வந்தாள். அலுவலகம் திறந்ததும் பாரத்தைச் சேர்த்து, முத்திரை குத்தியதை இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். மூன்று வருடமும் தன் கையை விட்டுப் போகாது என்று நிச்சயமானதும் அலுவலக வாசலிலேயே கொஞ்ச நேரம் சும்மா நின்றாள். சும்மா நிற்பது அவளுக்குப் புதிதாகவும் நன்றாகவும் இருந்தது. பிறகு துறைத்தலைவர் அறைக்குப் போனாள். மணி சரியாக ஒன்பதரை.

"பூட்டியிருக்குடி" என்றாள் கூட வந்த மேரி. "சார்தான் திருப்பதி போயிட்டாரே!"

"தெரியும்" என்றாள் தையல்நாயகி.

அறைக்கு வெளியே அறிவிப்பு எழுதும் சின்னக் கரும்பலகை தொங்கியது, கயிற்றில் கட்டிய சாக்பீஸோடு. அவள் சாக்பீஸை எடுத்து மூலையில் எழுதினாள்.

'ஒன்பதரைக்கு வந்தேன். சார் இல்லை. - தை.'

"சேசுவே!" என்று மேரி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமைக்குள் கல்லூரி முழுக்க அந்த மூலையை வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. முதலாண்டுப் பையன்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். வியாழக்கிழமை காலை சார் வந்து, வெகுநேரம் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அழிக்கவில்லை. அதற்குக் கீழே அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது.

'டீச்சர் உனக்குத் திருப்பதி லட்டு எடுத்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு எட்டு வரவும். எட்டு மணிக்கு அல்ல. - சீ.'

சனிக்கிழமை அரிசி மில்லில் எட்டு மணிச் சங்கு ஊதியபோது தையல்நாயகி அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள்.